மெழுகுவத்தி எப்போது அணைந்தது? பதின்ம வயதினருக்கான ஐந்து அறிவியல் தொடர்கள்: ஒரு மதிப்பாய்வு

பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளில் சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும் சோதனை ஒன்று உண்டு. தட்டில் சாயம் கலந்த நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். சுடர் அதைத் தீர்த்துவிட்டது. அதனால்தான் நீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது" என்று தொகுப்பாளர் முடித்துவிடுகிறார். காட்சி அழகு, விளக்கம் தவறு.

டம்ளருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோவதே இல்லை. 21 சதவீதம் இருந்தது சுமார் 16-க்கு இறங்கியதுமே சுடர் நின்றுவிடும். எரிந்த ஒவ்வொரு மூன்று பங்கு ஆக்சிஜனுக்கும் ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு வாயுவாக உள்ளேயே இருக்கிறது. ஆக, எரிவதால் காற்றின் கன அளவு குறைவது 2 சதவீதம்கூட வராது. நீரை ஏற்றுவது வெப்பம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சூடாகி விரிந்த காற்றுதான் உள்ளே பிடிபடுகிறது. சுடர் அணைந்ததும் அது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே சராசரி 80 டிகிரி செல்சியஸ் இருந்து 25-க்கு இறங்கினால் சுருக்கம் சுமார் 16 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் இந்த எண்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

இதே காட்சியை வெட்டாமல், மூலையில் ஒரு கடிகாரத்தோடு காட்டியிருந்தால் 13 வயதுப் பிள்ளையே தவறைப் பிடித்துவிடும். நீர் பெரும்பாலும் ஏறுவது சுடர் அணைந்த பிறகு. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எரியும்போதே படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். எடிட்டிங்கில் அந்தச் சில வினாடிகளை வெட்டிவிட்டால், பார்ப்பவருக்கு இதைச் சரிபார்க்க வழியே இல்லாமல் போகிறது.

இந்த மதிப்பாய்வு முழுக்க எங்கள் கையில் இருக்கும் அளவுகோல் இதுதான்: தொகுப்பாளர் சொல்வதை மறுத்துப் பார்க்கத் தேவையான தகவலை நிகழ்ச்சி திரையிலேயே தருகிறதா? நேரம், அளவு, எத்தனை முறை செய்தார்கள், எது சொதப்பியது. இவை இருந்தால் பிள்ளை கேள்வி கேட்கப் பழகும். இல்லாவிட்டால் அறிவியலும் அதற்கு இன்னொரு மேஜிக் ஷோதான்.

முதலில் மித்பஸ்டர்ஸ். 2003 முதல் 2016 வரை டிஸ்கவரியில் வந்தது. ஆடம் சாவேஜ், ஜேமி ஹைனெமன் இருவரும் நடத்தினார்கள். பதின்ம வயதினருக்கென்றே எடுத்த தொடர் இல்லை. ஆனாலும் 14 வயதுக்கு மேல் இதைவிட ஒட்டிக்கொள்ளும் தொடர் கிடைப்பது கடினம். இதன் பெரிய பலம், தோல்வியை வெட்டி எறியாமல் வைத்திருப்பது. முதலில் சின்ன மாதிரியில் ஒரு சோதனை, பிறகு முழு அளவில் ஒன்று. நடுவில் கயிறு அறும், மோட்டார் புகையும், மறுபடி கட்டுவார்கள். தாளை ஏழு முறைக்கு மேல் மடிக்க முடியாது என்ற பேச்சைச் சோதிக்க, மைதான அளவுக்குத் தாளை ஒட்டி, ரோடு ரோலரும் ஃபோர்க் லிஃப்டும் வைத்து 11 மடிப்பு வரை போனார்கள். 11 மடிப்பு என்றால் 2,048 அடுக்கு. இரண்டின் அடுக்குகள் எவ்வளவு வேகமாக ஊதிப் பெருகும் என்பதை இதைவிட உறைக்கும்படி கரும்பலகையில் காட்ட முடியாது.

இதன் பலவீனம் எண்ணிக்கை. கொட்டாவி தொற்றுமா என்று 2005-இல் செய்த சோதனையைப் பாருங்கள். மொத்தம் 50 பேர். 34 பேர் முன்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். 16 பேர் முன்னால் யாரும் விடவில்லை. முதல் குழுவில் 10 பேர் கொட்டாவி விட்டார்கள், 29 சதவீதம். இரண்டாவதில் 4 பேர், 25 சதவீதம். "உறுதி" என்று முத்திரை குத்திவிட்டார்கள். இரண்டாவது குழுவில் இன்னும் ஒரே ஒருவர் கொட்டாவி விட்டிருந்தால் 16-க்கு 5, அதாவது 31 சதவீதம், முடிவு தலைகீழாகியிருக்கும்.

இந்தப் பகுதியைத் தவிர்க்கச் சொல்ல மாட்டோம். கட்டாயம் போட்டுக் காட்டுங்கள், ஆனால் கையில் ஒரு சீட்டுக்கட்டோடு. 52 சீட்டில் இரண்டு கிளாவரை எடுத்துவிட்டால் 50 பேர் தயார். 13 ஹார்ட்டினும் ஸ்பேடு ஏஸும் சேர்ந்து 14 கொட்டாவிக்காரர்கள். கலைத்து, மேலிருந்து 34 சீட்டை எண்ணி வைத்து, அதில் எத்தனை கொட்டாவி என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே யாரும் யாருக்கும் எதையும் தொற்றவிடவில்லை, எல்லாம் கலைத்ததில் விழுந்தது. அப்படியிருந்தும் 50 முறை போட்டால் சுமார் பாதி முறை 10 அல்லது அதற்கு மேல் வரும். நிகழ்ச்சி ஆதாரம் என்று காட்டியது வெறும் தற்செயலிலேயே அத்தனை எளிதாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: சரியாகக் கலைக்காவிட்டால் ஹார்ட்டின் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும், 6-உம் 13-உம் அடிக்கடி தலைகாட்டும். ஒவ்வொரு முறையும் சீட்டை மேசையில் பரப்பிக் கலைப்பதே நல்லது. நாலு பேர் ஆளுக்கொரு கட்டோடு உட்கார்ந்தால் ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்து காஸ்மோஸ். கார்ல் சேகன், 1980, 13 பகுதிகள். முதல் பகுதியில் பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியை அளந்த கதை வருகிறது. ஒரு நீண்ட அட்டை, அதன்மேல் இரண்டு குச்சிகள். அட்டை தட்டையாக இருந்தால் இரண்டு நிழலும் சமம், வளைத்தால் வேறுபடும். எகிப்தின் சயீன் நகரில் நிழல் இல்லாத நண்பகலில், வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழலின் சாய்வு சுமார் 7 டிகிரி. முழு வட்டத்தில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு. இடைத் தூரம் 800 கி.மீ., ஐம்பதால் பெருக்கினால் 40,000 கி.மீ. ஒரு குச்சியும் ஒரு பெருக்கலும் வைத்து உலகத்தை அளக்கலாம் என்று அந்தக் காட்சி ஊட்டும் நம்பிக்கைக்கு விலையே இல்லை.

ஆனால் அந்தக் காட்சியை ஒரு படி தாண்டி எடுத்துப்போக வேண்டும். இரண்டு குச்சி மட்டும் போதாது. சூரியன் வெகு தொலைவில் இருக்கிறது, கதிர்கள் இணையாக வருகின்றன என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் வளைவு நிரூபணமாகும். பூமி தட்டை, சூரியன் சுமார் 6,300 கி.மீ. உயரத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதே 7 டிகிரி வந்துவிடும். வீட்டில் இதைப் பார்க்க எளிய வழி: அட்டையைத் தட்டையாகவே வைத்து, அரை மீட்டர் உயரத்தில் மேசை விளக்கைப் பிடியுங்கள். வளைக்காமலேயே நிழல்கள் வேறுபடும். இதனால்தான் வகுப்பில் டார்ச் விளக்கு வைத்து இந்தச் செய்முறையைச் செய்யும் பலர் குழம்பிப்போகிறார்கள். வெயிலில் செய்ய வேண்டும்.

இரண்டு கருத்துகளையும் பிரிக்க மூன்றாவது குச்சி வேண்டும், அதுவும் போதுமான தூரத்தில். நிழல் இல்லாத இடத்திலிருந்து 1,600 கி.மீ. தள்ளி நட்டால் உருண்டை பூமிக்கும் தட்டை பூமிக்கும் வித்தியாசம் சுமார் 0.2 டிகிரிதான். சூரியனின் வட்டமே அரை டிகிரி அகலம். 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி அதனால் 9 மி.மீ. அளவுக்குக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலில் 0.2 டிகிரி மூழ்கிப்போகும். 4,000 கி.மீ. தள்ளிப் போனால் கதை வேறு: உருண்டைக்கு 36 டிகிரி, தட்டைக்கு 32.3. அதே 1 மீட்டர் குச்சிக்கு நிழல் 73 செ.மீ.யா, 63 செ.மீ.யா என்று சாதாரண அளவுகோலே சொல்லிவிடும். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகள் ஒரே நாளில் அளந்து எண்களைப் பகிர்ந்துகொண்டால் போதும். கவனிக்க வேண்டியவை இரண்டு. குச்சி செங்குத்தா என்று தூக்குக் குண்டு வைத்துப் பார்க்க வேண்டும். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல, நிழல் மிகக் குறுகும் நேரம். 11:30-இலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நுனியைக் குறித்துக்கொண்டே வந்து, குறுகிய நிழல் கடந்து மறுபடி நீளத் தொடங்கிய பிறகே நிறுத்த வேண்டும்.

காஸ்மோஸின் மற்றப் பகுதிகளில் பிள்ளைகள் நெஞ்சில் தங்குவது இசையும் சேகனின் குரலும்தான். அதுவும் வேண்டியதே. ஆனால் 13 பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்க்கச் சொல்லாதீர்கள்.

மெக்கானிக்கல் யுனிவர்ஸ் 16 வயதுக்கு மேல், அதுவும் வகைநுண்கணிதம் தொட்டவர்களுக்கு. கால்டெக் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டீனின் இயற்பியல் வகுப்பிலிருந்து உருவானது. 1985-இல் தொடங்கியது, அரை மணி நேரப் பகுதிகள் 52. வாயேஜர் விண்கலப் பயணங்களுக்கு அசைபடம் செய்த ஜிம் பிளின்தான் இதற்கும் கணினி வரைகலை. சமன்பாட்டில் ஓர் உறுப்பு சமக்குறியைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் போய்க் குறி மாற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று மறைக்காமல் காட்டிய தொலைக்காட்சித் தொடர்களில் இதற்கு இணை எங்களுக்குத் தெரிந்து இல்லை. குறை, வேகம். ஐந்தாறு படிகள் சில வினாடியில் ஓடிவிடும். இடைநிறுத்தி, தாளில் எழுதி, பிறகு ஓடவிட்டால்தான் பயன். வேடம் போட்டு நடிக்கும் வரலாற்றுக் காட்சிகளைத் தாராளமாக ஓட்டிவிடலாம். உயர்நிலைப் பள்ளிக்கென்று சுருக்கிய பதிப்பும் உண்டு; வகுப்பறைக்கு அதுவே தோது.

பில் நை த சயின்ஸ் கை, 1993 முதல் 1998 வரை 100 பகுதிகள். 12, 13 வயதோடு சரி. ஒரு பகுதிக்கு ஒரே கருத்து, அதைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிக் காட்டும் முறை அருமையானது. ஆனால் இந்தத் துள்ளல் நடையில் அளவுகள் கைநழுவிப் போகும். இதைப் பின்பற்றி வந்த பல நிகழ்ச்சிகளுக்கும் இதே நோய். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்கவைக்கும் எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சோடா, எவ்வளவு வினிகர் என்று சொன்னால் அது வேதியியல். 5 கிராம் சோடாவுக்கு 5 சதவீத வினிகர் சுமார் 70 மி.லி. தேவை. பாட்டில் வாயில் பலூனை மாட்டி, அதிலிருந்து சோடாவை உள்ளே கொட்டினால் சுமார் 1.3 லிட்டர் வாயு சேரும், பலூன் 13 செ.மீ. விட்டத்துக்கு உப்பும். வினிகரை 50 மி.லி. ஆக்கினால் பலூன் சிறுக்கும், பாட்டிலடியில் சோடா மிஞ்சும். 100 மி.லி. ஆக்கினால் பலூன் பெருக்காது. எது முதலில் தீர்கிறதோ அதுதான் வினையை நிறுத்துகிறது என்பது இந்த மூன்று பலூன்களில் தெளிவாகிவிடும். புது பலூனாக இருந்தால் இரண்டு முறை ஊதித் தளர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரப்பரின் இறுக்கமே அளவைக் கெடுக்கும்.

ராயல் இன்ஸ்டிடியூஷனின் கிறிஸ்துமஸ் விரிவுரைகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எங்களுக்கு இதன்மேல் இருக்கும் பிரியம். லண்டனில் 1825-இல் தொடங்கியவை. மெழுகுவத்தி ஒன்றையே வைத்து மைக்கேல் ஃபாரடே முழுத் தொடர் நடத்திய மேடை அது. 1966 முதல் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் வருகின்றன. அந்த முதல் ஆண்டு எரிக் லெய்த்வைட், 1977-இல் கார்ல் சேகன், 1991-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ். அரங்கு நிறையப் பிள்ளைகள், கைதூக்கியவர் மேடைக்கு வந்து சோதனையில் பங்கெடுப்பார். நூறு கண்கள் நேரில் பார்க்கும்போது சோதனையைப் பூசி மெழுக முடியாது. ஒன்று நடக்கும், அல்லது நடக்காது, அதுவும் எல்லோர் முன்னாலும்.

டாக்கின்ஸ் கனமான உலோகக் குண்டு ஊசலைத் தன் முகத்தருகே இழுத்துப் பிடித்து விட்டுவிட்டு, அசையாமல் நின்ற காட்சி நினைவில் நிற்கும். விட்ட உயரத்தைத் தாண்டி அது திரும்பி வராது, காற்றின் தடையால் கொஞ்சம் குறைவாகவே வரும். இந்தச் சோதனை அடிவாங்கவைப்பது இரண்டே வழியில்: விடும்போது தன்னையறியாமல் தள்ளிவிடுவது, விட்டபின் தலை முன்னால் சாய்வது. பிள்ளைகள் செய்து பார்ப்பதானால் குண்டெல்லாம் வேண்டாம். மென்மையான துணிப் பந்து போதும், பின்தலை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

முன்பு ஆண்டுக்கு ஐந்து விரிவுரை, இப்போது மூன்று. இந்தச் சுருக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐந்து இருந்தபோது ஒரு கேள்வியை எழுப்பி, மறுநாள் வரை ஊறவிட்டு, பிறகு பதில் சொல்ல இடமிருந்தது. பழைய விரிவுரைகள் பலவும் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

தமிழில் மொழிமாற்றம் செய்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. குரல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஒரு பில்லியன் நூறு கோடி. பூமியின் வயது 4.6 பில்லியன் ஆண்டு என்றால் 460 கோடி. இதைப் போகிற போக்கில் 46 கோடி ஆக்கிவிட்டால் டைனோசர் காலக் கணக்கே குழம்பிவிடும். வெப்பநிலை "10 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்தது" என்றால் 5.6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்று பொருள்; 32-ஐக் கழித்துக் கணக்குப் போட்டு "மைனஸ் 12" என்று சொன்னால் உயர்வு குளிராகிவிடுகிறது. நிறையை எடை என்பது, வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்குவது, ஆற்றல், திறன், விசை மூன்றுக்கும் "சக்தி" என்ற ஒரே சொல்லைப் போடுவது, இவையெல்லாம் தேர்வுத் தாளில் மதிப்பெண்ணைத் தின்னும் பிழைகள். இதைவிட எங்களை வருத்துவது வேறொன்று. மூலத்தில் தொகுப்பாளர் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்து நிற்கும் பத்து வினாடி மௌனத்தைக்கூட மொழிமாற்றத்தில் பேச்சால் நிரப்பிவிடுகிறார்கள். பிள்ளை தானே ஊகிக்க வேண்டிய நேரம் அது.

வகுப்பில் காட்டும்போது அரை மணி நேரப் பகுதியை ஒரே ஓட்டமாகப் போடாதீர்கள். சோதனை தொடங்கி, முடிவு தெரிவதற்கு முன் நிறுத்துங்கள். என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும். பிறகு ஓட்டுங்கள். ஒரு பகுதிக்கு இப்படி இரண்டு நிறுத்தம் போதும். மூன்றாவதில் பிள்ளைகளுக்கு எரிச்சல் வந்துவிடும்.

ஊசல் வரும் பகுதி எதுவானாலும் அன்றே நூலும் கல்லும் எடுத்துவிடுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடு வரை 1 மீட்டர், சாய்வு 10 டிகிரிக்குள், 20 அலைவு. சுமார் 40 வினாடி வர வேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கிடைக்கும். ஒரு குழுவுக்கு 9.6 வந்தால் பெரும்பாலும் நூலைக் கல்லின் நடு வரை அளக்காமல் மேல்நுனியோடு நிறுத்தியிருப்பார்கள். 9.5 வந்தால் 30 டிகிரி வரை இழுத்து விட்டிருப்பார்கள். 10.9 வந்தால் கல்லை விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். 20 என்று நினைத்தது 19 அலைவுதான். "பூஜ்யம்" என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்தச் சொல்லுங்கள்.